எங்கள் பக்கத்துக் கரை

குளத்தூருக்குப் பக்கத்தில் எங்கள் தெருவுக்கும் எதிர்க்கரைக் குடியிருப்புக்கும் நடுவே ஒரு சின்ன ஓடை. போன வருஷ மழையில் அது எங்கள் தெருவுக்குள் புகுந்துவிட்டதால், இந்தக் கோடையில் எங்கள் பக்கத்துக் கரையை மட்டும் ஜேசிபி வைத்து உயர்த்தினோம். அடுத்த மழைக்குத் தண்ணீர் எங்கே போகும் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஐப்பசியில் மழை கொட்டித் தீர்த்தது. எங்கள் வாசலில் தண்ணீர் நிற்கவே இல்லை. எதிர்க்கரையில் வீடுகளுக்குள் முழங்கால் அளவுக்கு ஏறிவிட்டது.

மறுநாள் காலை ஓடைப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் ஒரு பெண் ஈரப் போர்வைகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என்னோடு ஒரே பஸ்ஸில் வேலைக்குப் போகிறவள். போன வருஷ வெள்ளத்தில் படுத்த படுக்கையாய்க் கிடந்த என் அம்மாவை அவள் வீட்டுக் கட்டிலில்தான் கிடத்தியிருந்தோம்.

“ஒங்க வீட்டுக்குள்ள தண்ணி வந்துருச்சாக்கா?” என்று அவள்தான் முதலில் கேட்டாள்.

“இல்லம்மா. நாங்க கரைய ஒசத்துனதாலதான் எல்லாம் ஒங்க பக்கம் வந்துருச்சு.”

“தெரியும்க்கா. மண்ணு கொட்டுறப்பவே எங்க வீட்டுல சொன்னாரு.”

“அப்பவே எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே.”

“சொல்லலாம்னுதான் வந்தேன். நீங்களும் அங்கிட்டு நின்னு பாத்துக்கிட்டிருந்தீங்க. திரும்பிப் போயிட்டேன்.”

போர்வையின் மறுமுனையைப் பிடித்து அவளோடு சேர்ந்து பிழிந்தேன்.

அன்று சாயங்காலமே கரையை வெட்டிவிடலாம் என்று தெருவில் சொல்லிப் பார்த்தேன். பாதிப் பேர் பேசாமல் எழுந்து போனார்கள். மீதிப் பேர் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்கள். கரை இன்னும் அப்படியேதான் இருக்கிறது. மழை இருட்டிக்கொண்டு வந்தால் என் வீடு நனையாது என்று எனக்குத் தெரியும். அது தெரிந்திருப்பதுதான் தாங்க முடியவில்லை.