பிலோமினா அக்கா உறங்கிய ஆராதனை

போன ஞாயிறு முந்தல் ஊரின் பஸ் தரிப்பிடத்தில் நின்றேன். எங்கிருந்தோ ட்ரம்ஸ் சத்தம் பாய்ந்து வந்தது. நம்பமாட்டீர்கள், என் வலது கால் தானாகவே தாளம் போடத் தொடங்கிவிட்டது! ஐம்பத்தைந்து வயது, முழங்காலில் வாதம். ஆனாலும் நெஞ்சு துள்ளியது. பக்கத்தில் நின்ற பெண்மணி ஓரடி தள்ளி நின்றுகொண்டார்.

இளவயதில் எனக்குக் கடற்கரை ஐஸ் தொழிற்சாலையில் வேலை. கிழமை முழுக்க ஐஸ் கட்டி இழுத்து விறைத்த கைகள் ஞாயிறு காலையில்தான் சூடாகும். எங்கள் ஜெபக்கூடத்துக்குத் தகரக் கூரை. வெயிலேறிய தகரத்தின் வாசமும் முகப்பவுடர் வாசமும் கலந்து வர, நான் ட்ரம்ஸ் அடித்தால் கூரை அதிரும். சனம் குதிக்கும், அழும். யாரும் அழாத ஞாயிறு எனக்குத் தோல்வி. பரிசுத்த ஆவியானவரை நான்தான் கூட்டி வருகிறேன் என்ற நினைப்பு!

எல்லோரையும் விட அதிகம் குதிப்பவர் பிலோமினா அக்கா, இறால் பண்ணையில் வேலை செய்பவர். ஒரு ஞாயிறு அவர் கதிரையை விட்டு எழும்பவே இல்லை. ஒரே மகன் ஜூட் கடலுக்குப் போய் மூன்று நாள், படகு திரும்பவில்லை. பாஸ்டர் என் பக்கம் குனிந்தார். "தம்பி, இண்டைக்கு நல்லா அடி. வானம் திறக்கோணும்."

வெறியோடு அடித்தேன். பாட்டின் நடுவில் அக்கா நேரே என்னிடம் வந்தார். குதிக்கத்தான் வருகிறார் என்று இன்னும் வேகமாக அடித்தேன், மடையன். அவர் ட்ரம்ஸின் சிம்பல் தட்டை உள்ளங்கையால் இறுக்கிப் பிடித்தார்.

"நிப்பாட்டு தம்பி. மூண்டு நாளா என்ட தலைக்குள்ள கடல் இரையுது. இங்கயும் இரைச்சலெண்டா நான் எங்க போறது?"

பாட்டு பாதியில் நின்றது. "அக்கா, துதிச்சாத்தானே..." என்று பாஸ்டர் தொடங்கினார்.

"துதிப்பம் பாஸ்டர். கொஞ்சம் பொறுத்துத் துதிப்பம்."

பாஸ்டர் மைக்கை நிறுத்திவிட்டுத் தரையில் அமர்ந்தார். நான் குச்சிகளை மடியில் வைத்தேன். சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம்! முதலில் கைகள் துடித்தன. பிறகு என் மூச்சு எனக்கே கேட்டது. யாரோ மெல்ல "ஆண்டவரே" என்றார்கள், அவ்வளவுதான். கால் மணி நேரத்தில், சுவரோரம் போய் உட்கார்ந்த அக்கா அப்படியே சாய்ந்து உறங்கிவிட்டார், குறட்டையோடு! பாஸ்டர் கையை மட்டும் உயர்த்தி ஆசீர்வதித்தார். அவருடைய மனைவி அக்காவுக்குக் காவலிருக்க, நாங்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியேறினோம். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. என் எந்தத் தாளத்திலும் அது வந்ததில்லை.

மறுநாள் செய்தி வந்தது. என்ஜின் பழுதாகி மிதந்த ஜூட்டை இன்னொரு படகு கற்பிட்டிக்கு இழுத்து வந்திருந்தது! நான் வேலையைப் போட்டுவிட்டு ஓடினேன். கூடத்து வாசலில் அக்கா என்னைக் கண்டதும் கத்தினார். "இப்ப அடியடா தம்பி!"

கையில் கொப்புளம் வரும் வரை அடித்தேன்.

அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் பாட்டுக்கு முன் கால் மணி நேரம் சும்மா இருந்தோம். 'அக்காட நேரம்' என்றே அதற்குப் பெயர் விழுந்தது. சில வருடங்களில் கடல் கரையை அரித்துக் கூடத்தின் நிலத்தையும் கொண்டுபோனது. சனம் ஆளுக்கொரு பக்கம் பிரிந்தது. ஜூட் வேலைக்கு இத்தாலி போய் அக்காவையும் கூட்டிக்கொண்டான்.

இப்போது சிலாபத்தில் மகளின் குடும்பத்தோடு ஒரு சபைக்குப் போகிறேன். பாட்டு நடத்தும் இளைஞரிடம் ஒரு நாள் கேட்டேன். "தம்பி, கொஞ்ச நேரம் சும்மா இருந்து பாத்தா என்ன?"

அவர் மரியாதையாகத்தான் சொன்னார். "ஏலாது அங்கிள், யூடியூப்ல லைவ் போகுது. சத்தம் நிண்டா ஆக்கள் போயிருவாங்க."