சந்தேகக் கயிறு

மூன்றாம் வகுப்பில் நான் சேவல் மாதிரிக் கூவுவேன். ஆசைப்பட்டுக் கூவியதில்லை. மிஸ் பலகையில் எழுதுவது புரியாமல் போகும்போது உட்கார்ந்திருக்கவே முடியாது, கூவினால் கொஞ்சம் அடங்கும். கூவ முடியாத நாட்களில் பெஞ்சுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வேன். தலைமையாசிரியர் அம்மாவைக் கூப்பிட்டு, அரையாண்டுக்குள் திருந்தாவிட்டால் இவளை மறுபடி இரண்டாம் வகுப்பில் உட்கார வைத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டார். இரண்டாம் வகுப்பில் என் தம்பி இருந்தான். அவனோடு ஒரே பெஞ்சில் உட்காருவதைவிட ஊரைவிட்டு ஓடிவிடுவது மேல் என்று எனக்குத் தோன்றியது.

அந்தச் சமயத்தில்தான் சித்தியின் கம்பெனியில், வீட்டாரைக் கூட்டிப்போய்க் காட்டும் குடும்ப நாள் வந்தது. சித்தி எங்கள் வீட்டில் தங்கி, ஒரகடத்தில் கார்களுக்கு ஒயர் கட்டித் தரும் கம்பெனிக்குப் போய்வந்தாள். கம்பெனி பஸ் பிள்ளைப்பாக்கம் தாண்டுவதற்குள், எதையும் தொடக்கூடாது என்று அம்மா என்னிடம் சத்தியமே வாங்கிவிட்டாள். சத்தியம் செய்வதில் எனக்கு எந்தச் சிரமமும் இருந்ததில்லை.

வந்தவர்கள் பார்ப்பதற்காக ஒரு லைன் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பலகை பலகையாக ஒயர்கள் நகர்ந்தன. ஒவ்வொருவர் தலைக்கு மேலும் ஒரு மஞ்சள் கயிறு தொங்கியது. வேலையில் சந்தேகம் வந்தால் அதை இழுக்க வேண்டுமாம், உடனே ஆள் வருவாராம். சித்தி சொல்லி முடிப்பதற்குள் நான் அங்கிருந்த ஸ்டூல்மேல் ஏறி இழுத்துவிட்டேன்.

ஐஸ் வண்டி வருவதுபோல ஒரு மெட்டு கூடம் முழுக்க ஒலித்தது. மஞ்சள் விளக்கு சுழன்றது. லைன் நின்றுவிட்டது.

"அடிப்பாவி, சித்தி வேலைக்கே உலை வச்சிட்டியேடி!" என்று அம்மா தலையில் கைவைத்தாள். சித்தியின் முகத்தில் ரத்தமே இல்லை. நான் வழக்கம்போல மேசைக்கு அடியில் புகுந்துகொண்டேன்.

ஓடி வந்தவர் லைன் லீடர், திருநெல்வேலிப் பக்கத்து அண்ணன். மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தவர், எனக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"என்ன சந்தேகம், தாயி? கயித்த இழுத்தவுக சந்தேகத்தத் தீக்காம லைன ஓட்டக்கூடாதுல்லா. எல்லாரும் நிக்காவ, சொல்லு."

யாரும் அதட்டவில்லை. லைனில் இருந்தவர்கள் எல்லாம் என் சந்தேகத்துக்காகக் காத்து நின்றார்கள். எனக்குப் பெருமையாகவும் பயமாகவும் இருந்தது. பொய்ச் சந்தேகம் எதுவும் வாயில் வராததால் உண்மையானதையே கேட்டேன்.

"கடிகாரத்துல பெரிய முள்ளு நாலுல நின்னா, ஏன் இருபதுன்றாங்க?"

அவர் சிரிக்கவில்லை. ஒயர் துண்டுகளை ஐந்து ஐந்தாகக் கட்டித் தரையில் வட்டமாக வைத்தார். ஓர் எண்ணிலிருந்து அடுத்த எண்ணுக்குப் போக ஒரு கட்டு. என் விரலைப் பிடித்து, நாலு வரை இருந்த நான்கு கட்டுகளையும் தொட்டு எண்ண வைத்தார். இருபது! மிஸ் அதே கணக்கைப் பலகையில் எத்தனையோ தடவை எழுதிக் காட்டியிருந்தார். விரலுக்குப் புரிந்தது அன்றுதான். நான் போட்ட கூச்சலில் அடுத்த கூடத்து ஆட்களும் எட்டிப் பார்த்தார்கள். சித்தியின் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை.

மறுநாள் அம்மா இதை மிஸ்ஸிடம் புலம்பலாகத்தான் சொன்னாள். மிஸ் கண்கொட்டாமல் கேட்டார். அடுத்த நாளே எங்கள் வகுப்பு ஜன்னலில் மஞ்சள் ரிப்பன் தொங்கியது. சந்தேகம் வந்தால் யாரும் இழுக்கலாம். மெட்டுக்கு மிஷின் இல்லாததால் அந்த மெட்டை வகுப்பே பாடிவிடும், மிஸ் நம் பெஞ்சுக்கு வந்துவிடுவார். கணக்குக்குப் புளியங்கொட்டைகளும் கூடவே வரும். முதல் வாரம் முழுக்க நான் இழுத்தேன். அப்புறம் முதல் ரேங்க் வாங்குகிறவளே ஒருநாள் வெட்கத்தோடு இழுத்தாள். இழுக்கப் போவதே எழுந்து நடக்க ஒரு சாக்கு என்பதால் நான் கூவுவதை மறந்தே போனேன்.

அரையாண்டு முடிந்ததும் தலைமையாசிரியர் வகுப்புக்கு வந்தார். என் தாளில் பாதிக்கு மேல் சிவப்பு மைதான். "இவ இங்க இருந்து பிரயோஜனம் இல்ல டீச்சர். இன்னைக்கே ரெண்டாவதுல விட்டுடுங்க" என்றார்.

மிஸ் சாக்பீஸைக் கீழே வைத்தார். ஜன்னலுக்குப் போய் ரிப்பனை இழுத்தார்.

நாங்கள் திகைத்துவிட்டோம். மிஸ்ஸுக்கே சந்தேகம்! ஆனால் விதி விதிதானே. வகுப்பு மொத்தமும் மெட்டைப் பாடியது. நான்தான் முதலில் ஓடிப்போய், "என்ன சந்தேகம், மிஸ்?" என்று கேட்டேன்.

மிஸ் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார். "மணி என்னன்னு தெரியலம்மா."

பெரிய முள் ஏழில் நின்றது. காற்றிலேயே ஒயர்க் கட்டுகளைத் தொட்டுத் தொட்டு எண்ணினேன். "பதினொண்ணு முப்பத்தஞ்சு, மிஸ்." சந்தேகம் தீர வேண்டுமே என்று, எப்படி வந்தது என்பதையும் விளக்கினேன். தலைமையாசிரியர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மிஸ்ஸைப் பார்த்தார். பிறகு என் தாளை மிஸ்ஸிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அவருக்கும் தெரிந்திருக்காது போல என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் அம்மாவைத் தனியாக அழைத்துப்போய், "யார்கிட்டயும் சொல்லாத. எங்க மிஸ்ஸுக்கு மணி பாக்கத் தெரியாது. நாந்தான் சொல்லிக் குடுத்தேன்" என்றேன். அம்மா நடந்ததை எல்லாம் கேட்டுவிட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். மிஸ்ஸுக்காக இவ்வளவு வருத்தப்படுகிறாளே என்று எனக்குப் பாவமாக இருந்தது. "அழாதம்மா, மிஸ் சீக்கிரம் கத்துக்குவாங்க" என்று அவளுக்கு ஆறுதல் சொன்னேன்.