கீழே தள்ளிய கைப்பிடி

சென்ற மாதம் உறவில் ஒரு சீர். பந்தியில் புதிதாக வந்திருந்த மாப்பிள்ளையிடம் என் மாமா என்னைக் காட்டி, "இவதானுங்க மாப்ள, ஜெர்மன்காரன் குடுத்த ரயில் இன்ஜினைப் பொகைய வுட்டவ" என்றார். வரிசையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முப்பது வருடமாக இப்படித்தான் சிரித்துக்கொண்டிருக்கிறேன். நாலு பேர் முன்னால் பேச எனக்கு வராது. எழுதவாவது வருகிறதா என்று பார்க்கிறேன். ஏனென்றால் அந்த இன்ஜினை நான் எரிக்கவில்லை.

மாமா என் அம்மாவின் தம்பி. கல்யாணம் ஆகும்வரை திருப்பூர் ராயபுரத்தில் எங்கள் வீட்டில்தான் இருந்தார். ஒரு நிட்டிங் கம்பெனியில் எலக்ட்ரீஷியன். அங்கே புது மெஷின்களைப் பொருத்த ஜெர்மனியிலிருந்து ஒருவர் வந்து போய்க்கொண்டிருந்தார். அவருக்குப் பொம்மை ரயில் என்றால் பைத்தியம். கூடவே நின்று வேலை செய்த மாமாவைப் பிடித்துப்போய், ஒரு முறை வரும்போது ஒரு ரயிலைக் கொண்டுவந்து கொடுத்தார். கறுப்பு இன்ஜின், மூன்று பெட்டிகள், வட்டமாகச் சேர்க்கிற தண்டவாளம், குமிழ் வைத்த ஒரு கரண்ட் பெட்டி. மாமா இன்ஜினை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, "இது உனக்குக் கண்ணு" என்றார். எனக்கென்று சொல்லி யாரும் கொடுத்த முதல் பொருள் அது. அதுவரை என்னிடம் இருந்த எல்லாம் பெரியம்மா வீட்டுப் பெண்கள் பயன்படுத்திக் கழித்தவை.

அடுத்த வருடம் ஜெர்மன்காரர் இன்னொரு ரயில் கொண்டுவந்தார். சிவப்பு இன்ஜின், டிஜிட்டல். என் ரயிலில் குமிழைத் திருகினால் தண்டவாளத்தில் கரண்ட் கூடும், ரயில் வேகமாகப் போகும். அவ்வளவுதான். டிஜிட்டலில் தண்டவாளத்தில் எப்போதும் முழுக் கரண்ட் இருக்கும். கையில் பிடிக்கிற பெட்டியில் எண்ணை அழுத்தினால் அந்த எண்ணுள்ள இன்ஜின் மட்டும் கிளம்பும். "பஸ் ஸ்டாண்டு மைக் மாதிரி கண்ணு. சொல்றது எல்லா வண்டிக்கும் கேக்கும், பேர் சொன்ன வண்டிதான் கெளம்பும்" என்றார் மாமா. கேட்பதற்கென்று சிவப்பு இன்ஜினுக்குள் ஒரு சின்ன கார்டு இருந்தது. என் இன்ஜினுக்குள் அது இல்லை. டிஜிட்டல் கரண்டில் அதை நிறுத்தினால் ஓடத் தெரியாமல் நின்ற இடத்திலேயே முனகி, மோட்டார் சூடேறி எரிந்துவிடும்.

மாமாவுக்கு இரண்டு ரயிலும் ஒரே தண்டவாளத்தில் ஓட வேண்டும். கம்பெனியில் கழித்துப் போட்ட சேஞ்ச் ஓவர் ஒன்றைக் கேட்டு வாங்கிவந்தார். திருப்பூரில் அது இல்லாத கம்பெனி கிடையாது. கைப்பிடியை மேலே தள்ளினால் ஈபி கரண்ட், கீழே தள்ளினால் ஜெனரேட்டர், நடுவில் எதுவும் இல்லை. இரண்டும் ஒருபோதும் ஒன்றையொன்று தொடாது. கரண்ட் போனதும் கைப்பிடியைக் கீழே தள்ளுவது மாமாவின் வேலை, ஒரு ஷிப்டில் நாலைந்து தடவை. அந்தப் பெரிய இரும்புப் பெட்டியைப் பொம்மை ரயில் மேசையில் முடுக்கி, மேலே என் ரயிலின் கரண்ட் பெட்டிக்கும் கீழே டிஜிட்டலுக்கும் கனெக்‌ஷன் கொடுத்தார். கைப்பிடியை அவரைத் தவிர யாரும் தொடக் கூடாது என்பது சட்டம். நான் அதன் பக்கம் விரலைக்கூட நீட்டியதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெர்மன்காரர் சாப்பிட வந்தார். அம்மா காரமில்லாமல் கோழிக்குழம்பு வைத்திருந்தாள். பின் அறையில் முதலில் என் ரயில் ஓடியது. குமிழைத் திருகியது நான். அவர் குனிந்து நின்று என் இன்ஜினையே பார்த்தார். ரெண்டாவது சுற்றில் கரண்ட் போய்விட்டது. ஃபேன் நின்றது. மேசையோரம் நின்றிருந்த மாமாவின் கை அந்த நிமிடமே எழுந்து கைப்பிடியை டக்கென்று கீழே தள்ளியது.

எங்கள் வீட்டில் ஏது ஜெனரேட்டர்?

நான் பார்த்தேன். ஆனால் அவர் எலக்ட்ரீஷியன், நான் ஆறாம் வகுப்பு. காரணம் இல்லாமலா செய்வார் என்று இருந்துவிட்டேன். "கரண்ட் வர்றதுக்குள்ள சாப்புட்ரலாம் சார்" என்று அவர் விருந்தாளியை முன்னறைக்குக் கூட்டிப்போனார். என் இன்ஜின் பாதி வழியில் நின்றிருந்தது. கைப்பிடி கீழேயே இருந்தது. தொடக் கூடாது என்பதால் தொடாமல், கடைசி ஆளாக நான் வெளியே வந்தேன். விருந்தாளிக்கு விசிறி வீசச் சொன்னாள் அம்மா.

கொஞ்ச நேரத்தில் கரண்ட் வந்தது. ஃபேன் சத்தத்தில் உள்ளே முனகியது யாருக்கும் கேட்கவில்லை. வாசம்தான் வந்தது. மாமா எச்சில் கையோடு ஓடி, கைப்பிடியை நடுவுக்கு இழுத்தார். இன்ஜினிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது, அடிப்பக்கம் இளகியிருந்தது. மாமா கைப்பிடியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். விருந்தாளியிடம் திரும்பி, "சைல்ட் டச், சார். சாரி சார்" என்றார்.

அந்த அளவு இங்கிலீஷ் எனக்குத் தெரியும். "மாமா, நீங்கதானுங்க…" என்று ஆரம்பித்தேன். அம்மா என் கையைக் கிள்ளி, "வந்தவங்க முன்னால என்ன பேச்சு அம்மிணி" என்றாள். ஜெர்மன்காரர் என் தலையைத் தடவிக் கொடுத்தார். யாரும் என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. அடித்திருந்தால் ஓவென்று அழுது நியாயம் கேட்டிருப்பேன். எல்லோரும் மன்னித்துவிட்டார்கள். செய்யாத தப்புக்கு மன்னிப்பு கிடைத்தால் அதை எங்கே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுப்பது? அம்மா எனக்கென்று ஒரு கோழிக்கால் எடுத்து வைத்தாள். அதையும் தின்றேன். அந்த ஆத்திரம் தனி.

மறுநாள் காலையில் மாமாவிடம் நேராகவே கேட்டேன். "கரண்டே இல்லாதப்ப நான் எதுக்குக் கண்ணு அதைத் தொடப் போறேன்?" என்றார். காலண்டரில் இருந்த முருகன் மேல் கையை வைத்து, "சத்தியமா நானில்ல" என்றார். சாமி மேலேயே பொய் சத்தியம் செய்கிற ஆள் என்று முடிவு செய்து, இரண்டு மாதம் அவரோடு பேசவில்லை. அதைப் பார்த்து அவர் அம்மாவிடம், "புள்ள வருத்தத்துல இருக்குது, யாரும் அதைப் பத்திப் பேசாதீங்கக்கா" என்றார்.

இப்போது நான் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறேன். பதினெட்டு வருடமாகப் பிசிர் நூலைப் பிடித்து வெட்டுகிற வேலை. போன வாரம் பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் திரும்பி, "ஏனுங்க, சட்டையை எதுக்கு இழுக்கறீங்க?" என்றார். நான் இழுக்கவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். என் விரலில் அவர் காலர் நூல் இருந்தது.

ஃபேன் நின்றால் கீழே தள்ளுவது என்று மாமாவின் கைக்குப் பழகியிருக்கிறது. அது செய்தது மாமாவுக்குத் தெரியவே தெரியாது. அவர் செய்தது பொய் சத்தியம் இல்லை என்பது பதினோரு வயதில் எனக்குத் தெரியவில்லை. தெரிந்து மட்டும் என்ன? பொய்யர் என்றால் கோபப்பட எனக்கு ஒரு வழி இருந்தது. நான்தான் எரித்தேன் என்று முழு மனதோடு நம்பி, அன்றைக்கே என்னை மன்னித்தும் விட்ட இந்த நல்ல மனுசனை நான் என்ன செய்வது?