பிரியந்தியின் பாஸ்போர்ட்

ஆயுத பூஜையன்று தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்திக்கும் தையல் மெஷினுக்கும் பொட்டு வைத்த கையோடு, பிரியந்தி தன் பாஸ்போர்ட்டுக்கும் ஒன்று வைக்கிறாள். பிளாஸ்டிக் உறையின் மேல்தான். முதல் வருஷம் அட்டையிலேயே சந்தனத்தை அப்பிவிட்டாள். விமான நிலையத்தில் அதிகாரி அதை நகத்தால் சுரண்டிப் பார்த்தபோது, பழியைச் சாமி மேல் போட்டுத் தப்பித்தாள்.

"கத்திக்கு வைக்கிறோம்ல? இதுவும் சோறு போடுற சாமான்தான்" என்பாள்.

இலங்கை மலையகத்தில் கொட்டகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான லயத்தின் கடைசி அறை, அந்தக் காம்பரா அவளுடையது. நாற்பதை நெருங்குகிறாள். இங்கிலீஷ் சொல் எதுவானாலும் பலாப்பழம் மாதிரிப் பிளந்து பார்த்தால்தான் அவளுக்குத் திருப்தி. பாஸ்போர்ட் என்ற சொல்லையும் ஃபோனில் தேடிப் பிளந்தாள். பிரெஞ்சுக்காரர்கள் கொடுத்த சொல். முன்பாதி கடந்து போவது, பின்பாதி துறைமுகம். கோட்டை வாசல் என்பாரும் உண்டாம். அவள் வாசலையே எடுத்துக்கொண்டாள்.

காரணம் உண்டு. குவைத்தில் அவள் சமையல் வேலை பார்த்த வீட்டின் எசமானியம்மா அவளுடைய பாஸ்போர்ட்டை அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தாள். அப்பா பொன்னையா இறந்த சேதி வந்தும் சாவியை எடுக்கவில்லை. அப்பா முகத்தைக் கடைசியாக ஃபோனில்தான் பார்த்தாள். அந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

இப்போது துபாயில் ஓட்டல் சமையல் வேலை கூடி வந்திருக்கிறது. வீட்டு வேலை இல்லை, வெகுநாள் ஆசை. பூஜைக்கு மறுநாள் ஏஜென்சி ஆள் சஜீவன் வந்தான்.

"பாஸ்போர்ட்ட எங்கிட்ட குடுத்துருங்கக்கா. போற அன்னைக்குத் தாறேன்."

"ஃபோட்டோ கொப்பி தாறேன் தம்பி. அது போதும்."

"எல்லாரும் குடுத்துட்டாங்க. நீங்க மட்டும் ஏன்?"

"அந்தக் காலத்துல துண்டுன்னு ஒரு சீட்டு இருந்துச்சாம். அது கங்காணி மடியில இருந்தா ஆளு அடுத்த தோட்டத்துக்குப் போக முடியாதாம். நீங்க எந்தத் தோட்டத்துக் கங்காணி?"

சஜீவனுக்கு முகம் சுண்டிப்போனது. "அப்ப வேற ஆளப் பாத்துக்கிறேன்" என்று எழுந்து போனான். ஓட்டல் வேலை கையை விட்டுப் போவது அவளுக்குத் தெரிந்தது. ஆனாலும் கூப்பிடவில்லை.

கோயில் வளைவு வரை போனவன் நின்றான். அரபுச் சமையலும் அந்தப் பாஷையும் தெரிந்த இன்னொருத்திக்கு எங்கே போவது? திரும்பி வந்தான்.

"சரிக்கா, கொப்பியே தாங்க. நம்பர் சரியான்னு ஒருக்கா பாத்துக்கிறேன்." கையை நீட்டினான்.

பிரியந்தி உறையைக் கழற்றி, படமுள்ள பக்கத்தைத் திறந்து அவன் கண்ணுக்கு நேரே பிடித்தாள்.

"பாருங்க."

அவன் ஓரத்தைப் பிடித்து மெல்ல இழுத்துப் பார்த்தான். அவள் பெருவிரல் அசையவில்லை.