டிராக்டரில் வந்த பாடம்

மாலை ஐந்தே முக்காலுக்குத் திருமானூரிலிருந்து அரியலூர் வந்த பஸ்ஸில் என் மகள் இல்லை. அவளுக்கு வணிக நிர்வாகம் கற்பித்த ஆசிரியர் மட்டும் நிலையத்தில் நின்றார். குட்டையானவர், சட்டைப்பை நிறையப் பொரிகடலை.

"பொண்ணு எங்க சார்?"

"புள்ளைங்கள திருமானூர்ல விட்டுட்டேங்க. பஸ் ஏறாம வரணும். புதுசா யோசிக்கப் பாடம். மத்தவங்க வந்துட்டாங்க."

"எனக்கு நெஞ்சடைக்குது!"

"கடலை தின்னுங்க."

திட்டிக்கொண்டே தின்றேன். ஆனாலும் அவர்மேல் ஏன் கோபம் நிற்கவில்லை என்று புரியவில்லை.

இருட்டும் நேரத்தில் மேளச் சத்தத்தோடு ஒரு டிராக்டர் வந்து நின்றது. கல்யாணச் சீர்த்தட்டுகளுக்கு நடுவிலிருந்து மகள் குதித்தாள்.

"இந்த ஊர் மண்டபத்துக்குத் தட்டு தூக்க ஆளில்லாம தவிச்சாங்கப்பா. நான் வரேன்னு ஏறிட்டேன்! இன்னும் ரெண்டு தட்டு மிச்சம். நீங்களும் சாரும் ஆளுக்கொன்னு தூக்குங்க!"