பசியாவரத்து நெறிக்கட்டியும் இருபத்தெட்டு டிகிரிப் பெட்டியும்

பிளேக் கிருமியைத் தேடுவது என் பிழைப்பு. கிடைத்துவிடக் கூடாதே என்று சாமியைக் கும்பிட்டுக்கொண்டே தேடுகிற பிழைப்பு. லேபில் மாரடிக்கிற உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஊசி

பழவேற்காடு ஏரிக்குள் இருக்கிற பசியாவரத்தில், கோவிந்தன் என்கிற மீனவருக்குக் காய்ச்சல். காலில் ஒரு புண், தொடையிடுக்கில் நெறி கட்டியிருந்தது. காலில் புண் இருந்தால் நெறி கட்டும்தான். ஆனால் அவருடைய வலைக் கொட்டகையில் எலிகள் செத்துக் கிடக்க, பிளேக்கோ என்று டாக்டர் பயந்துபோய் என்னை அனுப்பினார். கட்டியில் ஊசி போட்டு நீர் எடுத்தேன். செத்த எலியையும் அறுத்து மண்ணீரலை எடுத்துக்கொண்டேன்.

ஏரியில் நல்ல இடத்தில் வலை கட்ட ஊரில் முறை வைத்திருக்கிறார்கள். அதற்குப் பாடு என்று பெயர். கோவிந்தன் கூட்டாளிகளின் பாடு அந்த வாரக் கடைசியில் வந்தது. தப்பினால் இறால் காலமே முடிந்துவிடும். அவர் மனைவி மல்லிகா என் கையைப் பிடித்துக்கொண்டார். "இந்தப் பாட்டை நம்பித்தான் பொண்ணைக் காலேஜ்ல சேத்துக்கீறோம். சீக்கிரம் சொல்லிடுங்க மேடம்."

ரயில்

என் போறாத காலம், ஜீப் வழியிலேயே படுத்துவிட்டது. தெர்மாகோல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அனுப்பம்பட்டில் ரயில் ஏறினேன். எதிரில் மீன் கூடையோடு ஒரு அம்மா பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னாமா, நண்டா? எனக்கும் ரெண்டு குடேன்."

ஊக்கு

சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், பிளேக் கிருமி இரண்டு முனையும் கறுத்து, நடுவில் வெளுத்து, மூடின ஊக்கு மாதிரி தெரியும். எலியில் ஒன்றும் இல்லை. கோவிந்தனின் கட்டி நீரில் அங்கங்கே ஊக்குகள்.

வேறு கிருமிகளும் இப்படித் தெரியும் என்பதால் வளர்த்துத்தான் பார்க்க வேண்டும். அதுவரை கோவிந்தன் தனி வார்டில், கூட்டாளிகள் தடுப்பு மாத்திரையோடு வீட்டிலேயே. பக்கத்து மேசை சேவியர் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இருக்குன்னு சொன்னா ஊரைப் பூட்டுவாங்க. இல்லைன்னு சொல்லி, அப்புறம் அது இருந்துட்டா நம்மளைப் பூட்டுவாங்க."

பெட்டி

மற்ற கிருமிக்கெல்லாம் உடம்புச் சூடு வேண்டும். இந்த மகராசிக்கு இருபத்தெட்டு டிகிரி. நம்ம ஊர் வெயிலில் அதற்குக் கிருமி வளர்க்கிற பெட்டியைக் குளிர்வித்துக்கொண்டே இருக்க வேண்டும். கரண்ட் போனது. ஜெனரேட்டர் இருமிவிட்டு நின்றது. கிருமி வளர்க்க வைத்த தட்டிலெல்லாம் வேறெதுவோ முளைத்து வீணாகிவிட்டது. ஐஸில் மிச்சம் வைத்திருந்த கட்டி நீரை எடுத்து முதலிலிருந்து ஆரம்பித்தேன். அழுகையே வந்துவிட்டது.

அன்றைக்குக் கோவிந்தன் வார்டிலிருந்து போன் செய்தார். மருந்தில் காய்ச்சல் விட்டிருந்தது, கட்டியும் வற்றியிருந்தது. "நான் நல்லாத்தான் கீறேன் மேடம். நீங்க இன்னும் எதை வளக்குறீங்க?"

ஓட்டை

பிளேக் கிருமியைத் தின்கிற வைரஸ் ஒன்று இருக்கிறது. வளர்ந்த கிருமி மேல் ஒரு சொட்டு விட்டால், பிளேக்காக இருந்தால் அந்த இடம் ஓட்டையாகும். ஓட்டை விழவில்லை. அது புண்ணில் இருக்கிற சாதாரணக் கிருமி. நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். முடியவில்லை, ஏனென்றால் பாடு போய்விட்டிருந்தது.

நேரில் போய்ச் சொன்னேன். அவர்கள் இடத்தில் வேறு கூட்டத்தின் வலை நின்றது. மல்லிகா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கோவிந்தன் ஏரியில் இறங்காத வலையை மடித்துக்கொண்டிருந்தார். பேச வேறெதுவும் இல்லாமல், "அப்போ எலி எதனால செத்துச்சு?" என்றேன்.

"நான்தான் மருந்து வச்சேன், பாட்டுக்கு எடுத்து வச்ச வலையைக் கடிச்சிடப் போவுதுன்னு. காய்ச்சலைக் கேட்டீங்க, கட்டியைக் கேட்டீங்க. எலியைப் பத்தி யாரும் கேக்கலியே மேடம்."

எலியை அறுத்து மண்ணீரல் வரைக்கும் பார்த்த எனக்கு, எலி செத்த கொட்டகைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை என்பதுதான் இத்தனை டெஸ்டுக்கும் பிறகு உறுதியான ஒரே முடிவு.