பச்சை ஒயர்

சித்தப்பாவுக்கு ஒயர் வேலை தெரியாது என்று எங்கள் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான்தான். எனக்கு இருந்த எரிச்சலில் தென்காசி முழுக்கச் சொல்லியிருப்பேன். தெருவைத் தாண்ட அம்மா விடவில்லை.

எங்கள் வீட்டில் வெள்ளைக்காரன் காலத்துக் கார் ஒன்று நின்றது. வாங்கியது அப்பா, ஓட்டுவதும் கட்டி மேய்ப்பதும் அப்பாவின் தம்பியான சித்தப்பா. புளியறை இறக்கத்தில் கவிழ்ந்து கிடந்த ஏதோ ஒரு வண்டியின் மீட்டரை விலை பேசி வாங்கி வந்து, துணியில் சுற்றி, ஒரு வருஷமாக அலமாரியில் வைத்திருந்தார். வண்டியின் வேகத்தைக் காட்டுகிற மீட்டர் இல்லை. இன்ஜின் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டுவதாம். அதைத் தெரிந்துகொண்டு என்ன செய்யப் போகிறீர்கள் என்று அம்மா கேட்டால், சித்தப்பா அதை எடுத்துத் துடைத்து மறுபடியும் துணியில் சுற்றி வைப்பார்.

அந்த ஆனி மாதம் அத்தை வந்து சேர்ந்தாள். அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் ஒரே தங்கை. தையில்தான் புளியங்குடியில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். தலை ஆடிக்குப் பெண்ணை நாம் போய் அழைத்து வருவது முறை. இவளோ ஆடிக்கு நாள் கிடக்கும்போதே தனியாகப் பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டாள். கேட்டால், "சாரல் நேரம்லா, அருவியில குளிக்கணும்னு ஆசையா இருந்துச்சு" என்றாள்.

அப்பாவுக்கு முகம் கடுத்துவிட்டது. இப்போது கொண்டுபோய் விட்டுவிட்டு, ஆடி பிறந்ததும் முறைப்படி அழைத்து வந்தால்தான் ஊர்வாயை மூட முடியும் என்றார். அதுவும் காரில்தான் போக வேண்டும்.

"சொந்தக் காரு வாசல்ல நிக்க, நம்ம வீட்டுப் பிள்ளை பஸ்ஸுல போயி இறங்கவா?"

கூட நானும் போவதாக ஏற்பாடு. முன்சீட்டு எனக்கு. புளியங்குடி வீட்டில் எலுமிச்சைத் தோப்பும் அதில் ஓர் ஊஞ்சலும் உண்டு என்று அம்மா வேறு சொல்லி வைத்திருந்தாள்.

திங்கட்கிழமை கிளம்புவதாக இருந்தது. அதற்கு முந்தின நாள் ஞாயிறு. அத்தையின் ஆசைக்காகச் சித்தப்பா எங்களைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போனார். பெண்கள் பக்கம் நான் பயந்து பாறை ஓரத்திலேயே நின்றுவிட, முதலில் போய் நனைந்த அத்தை என்னை இழுத்துப்போக வந்தாள். ஈரச் சேலை விலகி முதுகு தெரிந்தது. குறுக்கும் நெடுக்குமாகக் கன்றிப் போயிருந்தது. என்ன அது என்று கேட்டேன்.

"அருவி அடிச்சதுட்டி."

அவ்வளவுதான், நான் ஒரு சொட்டுத் தண்ணீர் தலையில் படாமல் திரும்பினேன். திரும்பும் வழியெல்லாம் சித்தப்பாவிடம் அழுகை. "அருவி அடிச்சு அத்தை முதுகெல்லாம் கன்னிப்போய்க் கெடக்கு. இனிமே என்னைக் கூப்பிடாதீய!"

சித்தப்பா வண்டியை ஓரம் கட்டினார். பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தார். அத்தை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு கியரை ஓங்கித் தள்ளி வண்டியை விரட்டினார். என் மேல்தான் கோபம் என்று நினைத்தேன்.

மறுநாள் பட்டுப் பாவாடை கட்டி, தலையை இழுத்துப் பின்னி, பூ வைத்து நான் வாசலுக்கு வந்தால், காரின் முன்பலகை கழன்று கிடக்கிறது. சித்தப்பா மடியில் அந்த மீட்டர்.

"ஏலே, இன்னைக்கா இதை மாட்டணும்?" என்றார் அப்பா.

"அரை மணி நேரந்தாண்ணே. மூணே மூணு ஒயரு."

சிவப்பு பாட்டரிக்கு, கறுப்பு பாடிக்கு, பச்சை இன்ஜினைப் பற்றவைக்கிற காயிலுக்கு. அந்தப் பச்சை ஒயர் மட்டும் எங்கேயோ இரும்பில் உரசுகிறதாம். உரசினால் இன்ஜின் பிடிக்காதாம். சாவியைத் திருப்பினால் வண்டி கர் கர் என்று முனகியதோடு சரி. நல்ல நேரம் போயிற்று. நான் பாவாடையை மாற்றினேன்.

செவ்வாயும் புதனும் வண்டி ஜம்மென்று ஓடியது. ஆனால் அந்த இரண்டு நாளும் வடக்கே சூலம். புளியங்குடி இருப்பதோ வடக்கே. சூலம் பார்க்காமல் அப்பா வாசற்படி தாண்ட மாட்டார். வியாழன் நல்ல நாள், வண்டி படுத்துவிட்டது. வெள்ளிக்கிழமை வீட்டுப் பெண்ணை வெளியே அனுப்பக் கூடாது. அன்றைக்குச் சித்தப்பா அதே வண்டியில் செங்கோட்டைக்குப் போய் ஒயர் வாங்கி வந்தார். சனி, ஞாயிறு மறுபடியும் கர் கர். அடுத்த திங்களும் அதே கதைதான். அப்பா மெக்கானிக்குக்கு ஆள் அனுப்பினார். அவர் ஆடி அசைந்து செவ்வாய்க்கிழமை வந்து, ஒரே திருப்பில் கிளப்பி, "வண்டி நல்லாத்தான இருக்கு, அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒவ்வொரு நல்ல நாளும் எனக்குப் பட்டுப் பாவாடை. ஒவ்வொரு நல்ல நாளும் அவிழ்ப்பு. அப்பா கத்தினார், அம்மா முணுமுணுத்தாள். அத்தைக்கு மட்டும் அலுப்பே வரவில்லை. பெட்டியோடு வாசலில் நிற்பாள். இன்ஜின் பிடிக்கவில்லை என்றதும் சத்தமில்லாமல் பெட்டியை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு, காய் நறுக்க உட்கார்ந்துவிடுவாள்.

"மூணு ஒயரு மாட்டத் தெரியாதா உங்களுக்கு?" என்று ஒருநாள் சித்தப்பாவிடம் கேட்டே விட்டேன்.

"தெரியலையேட்டி" என்றார். அப்பா காதிலும் அது விழுந்தது. தம்பி மானத்தை வாங்குகிறான் என்று தலையில் அடித்துக்கொண்டார்.

இப்படியே ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் புதுப்பெண்ணை யாரும் புருஷன் வீட்டுக்கு அனுப்புவதில்லை. அந்த மாதம் முழுக்க அப்பாவும் சித்தப்பாவும் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். ஆவணியில் அத்தை அதே காரில் பாளையங்கோட்டைக்கு டீச்சர் ட்ரெயினிங் படிக்கப் போனாள். எலுமிச்சைத் தோப்பை நான் கடைசிவரை பார்க்கவே இல்லை. அதெல்லாம் பிறகு.

ஆடி முதல் தேதி காலையில் ஏதோ நப்பாசையில் நானே பாவாடையைக் கட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். சித்தப்பா சாவியைத் திருப்பினார். இன்ஜின் உடனே பிடித்தது. மீட்டரின் முள் விசுக்கென்று எழுந்து நின்றது. அப்பா முள்ளையும் தம்பியையும் மாறி மாறிப் பார்த்தார். திட்டவில்லை.

"ஒருவழியா வேலை படிச்சிட்டீய" என்றேன் சித்தப்பாவிடம்.

"ஆமாட்டி, இப்பத்தான் படிச்சேன்."

கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு அந்த முள்ளையே பார்த்திருந்த அத்தையின் கன்னமெல்லாம் ஈரம். ஒரு மீட்டர் ஓடியதற்கு யாராவது அழுவார்களா?

"எதுக்கு அழுவுதீய, அத்தே?"

"அழலைட்டி. சாரல் அடிக்குது."

அண்ணாந்து பார்த்தேன். வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. இந்த வீட்டில் பெரியவர்களுக்கு மழைக்கும் வெயிலுக்கும்கூட வித்தியாசம் தெரியவில்லை என்று அலுத்துக்கொண்டே உள்ளே போய்ப் பாவாடையை அவிழ்த்துப் போட்டேன்.